வெறுமையாய் விட்ட இடம்

பிழை என்பது எழுத்தோடு உடன்பிறந்தது. ஏட்டில் எழுதிய காலத்தில் எழுதுவோர் பிழை இருந்தது. அச்சுக் கோத்த காலத்தில் அச்சுப்பிழை இருந்தது. கணிப்பொறி வந்த பின்னர் நிரற்பிழை வந்து சேர்ந்திருக்கிறது. முன்னவை இரண்டும் தமிழாசிரியர்களுக்குப் பழகியவை. மூன்றாவதோடு ஒரு தமிழாசிரியனுக்கு என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் பெரியோர்கள் வினவக்கூடும். 2023-ஆம் ஆண்டில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை ஈண்டு எழுதுவதன் வாயிலாக அவ்வினாவுக்கு விடை கூற விழைகின்றேன். அது என் பெருமையைக் கூறும் அனுபவம் அன்று. எனினும், மாணவச் செல்வங்களுக்கு என் வெற்றிகளைக் காட்டிலும் இது பயன்படும் என்று நம்புகின்றேன்.

சொல்லடைவு தோன்றிய வரலாறு

எங்கள் துறையில் இஸ்லாமியத் தமிழ்ச் செய்யுள் திரட்டு ஒன்றைப் பாடத்திற்கெனத் தொகுத்து வைத்திருந்தோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் முதலாகக் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்கள் ஈறாகப் பல நூல்களிலிருந்து தேர்ந்த பாடல்கள் அதில் இடம்பெற்றிருந்தன. அரபுச் சொற்களும் பாரசீகச் சொற்களும் பழந்தமிழ்ச் சொற்களும் ஒரே அடியில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் செய்யுள்கள் அவை. பிற சமயத்து மாணவர்க்கு அரபுச் சொற்கள் விளங்குவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பழந்தமிழ்ச் சொற்கள் விளங்குவதில்லை. இரு சாராருக்கும் பயன்படுமாறு ஒரு சொல்லடைவு செய்வோம் என்று முடிவு செய்தோம்.

பாடல்களைப் படித்து, சொற்களைப் பிரித்து, பாடல் எண்ணும் பொருளும் சேர்த்துக் கணிப்பொறியில் உள்ளிடும் பணியை இளங்கலை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி ஏற்றாள். அவள் தந்தை சிறு வணிகர். வீட்டில் கணிப்பொறி இல்லை. கல்லூரி முடிந்த பின் துறை அறையிலேயே இருந்து மாலைதோறும் உழைத்தாள். ஐந்து திங்களில் 4,216 வரிகளை முடித்துத் தந்தாள். ஒவ்வொரு வரியிலும் முதலில் சொல், பின் ஒரு நிலைக்கோடு, பின் பாடல் எண், மீண்டும் ஒரு நிலைக்கோடு, இறுதியில் பொருள் என்பது நாங்கள் வகுத்த அமைப்பு. பாடல் வரிசையில் உள்ள அவற்றை அகரவரிசைப்படுத்தி, அச்சுக்கு ஏற்றவாறு பக்கமாக்கித் தரும் நிரலை எழுதும் பணியை நான் ஏற்றேன்.

தமிழ் படித்தவனுக்கு நிரல் எழுதத் தெரியுமா என்று வியப்போர்க்கு ஒரு சொல். 1998-இல் நான் மேனிலைப் பள்ளி முடித்த விடுமுறையில், எங்கள் ஊரில் மாடியொன்றில் இயங்கிய கணிப்பொறிப் பயிற்சி நிலையத்தில் பாஸ்கல் என்னும் மொழியைக் கற்றேன். சுவிட்சர்லாந்து நாட்டுப் பேரறிஞர் நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட மொழி அது. கணக்கிடும் பொறியொன்றைச் செய்த பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கலின் பெயரைத் தாங்கியது. கற்பிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டதாதலின் அதன் இலக்கணம் கட்டுக்கோப்பானது. நன்னூல் கற்பவனுக்கு அம்மொழி அயலாகத் தோன்றாது. விர்த் அவர்கள் 2024-ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானார் என்ற செய்தியைப் படித்தபோது, என் ஆசிரியர் ஒருவரை இழந்ததாகவே உணர்ந்தேன்.

பெரியவர் கண்ட பிழை

அச்சுப்படி ஆயத்தமாயிற்று. அரபுச் சொற்களின் பொருளைச் சரிபார்த்துத் தருமாறு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஹஜ்ரத் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்று கொடுத்தேன். அவர் அரபியிலும் தமிழிலும் ஒருங்கே புலமை உடையவர். ஒரு வாரம் கழித்து அழைத்தார். சென்றேன்.

"தம்பி, ஞிமிறு என்றால் வண்டு என்றல்லவா நான் படித்த நினைவு? இங்கே மார்க்கம் என்று போட்டிருக்கிறீர்களே!" என்றார் முறுவலோடு. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சங்கைக் குறிக்கும் பணிலம் என்னும் சொல்லுக்கெதிரே வானவர் என்று இருந்தது. இன்னும் சில பக்கங்கள் புரட்டியதும் அவர் முகத்தில் முறுவல் மறைந்தது. நச்சுயிர் ஒன்றைக் குறிக்கும் சொல்லுக்கெதிரே கண்ணியத்திற்குரிய ஒரு பொருள் அச்சாகியிருந்தது. அதனை ஈண்டு எழுதவும் என் கை கூசுகின்றது. அந்நூல் அவ்வாறே வெளிவந்திருப்பின் துறைக்கும் கல்லூரிக்கும் நேர்ந்திருக்கக்கூடிய இழுக்கை எண்ணி என் உடல் வியர்த்தது.

மறுநாள் வகுப்பில் என் சினத்தை அடக்க இயலவில்லை. அச்சுப்படியை அம்மாணவியின் முன் விரித்து, தெரியாத சொற்களுக்கு மேல்வரியின் பொருளைப் படியெடுத்து ஒட்டிவிட்டாயா என்று எல்லார் முன்னிலையிலும் வினவினேன். அவள் எழுந்து நின்று, "ஐயா, பொருள் தெரியாத இடங்களை நான் வெறுமையாகவே விட்டிருந்தேன்" என்றாள். "வெறுமையாக விட்டிருந்தால் வெறுமையாக அல்லவா அச்சாகியிருக்கும்? இதோ உள்ளதே!" என்றேன். அவள் அச்சுப்படியைப் பார்த்தாள். அதில் இருந்தது உண்மைதான். மறுமொழி கூறாமல் அமர்ந்தாள். அதன்பின் துறை அறைக்கு அவள் வரவில்லை. சொல்லடைவில் தன் பெயரைச் சேர்க்க வேண்டா என்று தோழியிடம் சொல்லியனுப்பினாள்.

அந்த வெள்ளியன்று தொழுகை முடிந்து வெளிவருகையில் ஹஜ்ரத் அவர்களைக் கண்டு, பிழை மாணவியுடையது என்றும் கண்டித்துவிட்டேன் என்றும் கூறினேன். அவர் சற்று நின்று, "பிள்ளை எழுதித் தந்த மூலத்தைப் பார்த்தீர்களா, தம்பி?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்தே ஒரு செய்தியை ஏற்கும் கல்விமரபில் வளர்ந்தவர் அவர். பாடபேதம் ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். மூலத்தைப் பாராமல் படியைக் கொண்டு தீர்ப்பு வழங்கியிருந்தேன்.

அன்றிரவே மாணவி தந்த கோப்பைத் திறந்தேன். ஞிமிறு என்னும் சொல், நிலைக்கோடு, பாடல் எண்; அவ்வளவே. பொருள் இல்லை. பொருளே இல்லாதபோது கோடு எதற்கு என்று இரண்டாம் நிலைக்கோட்டையும் அவள் இடவில்லை. அத்தகைய வரிகளை எண்ணினேன். 61 இருந்தன. அறுபத்தொன்றும் அகராதி பாராமல் பொருள் கூற இயலாத அருஞ்சொற்கள். தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாகவே விட்டிருந்தாள். அவள் விட்ட வெறுமையை நிரப்பியது என் நிரல்.

மூன்று இரவுகள்

ஏன் நிரப்பிற்று என்பதே அடுத்த வினா. அதனைக் கண்டறிய மூன்று இரவுகள் ஆயின.

முதலில் என் ஐயம் சரத்தின் நீளத்தின்மேல் சென்றது. எழுத்துகளின் தொடரைக் கணிப்பொறியாளர் சரம் என்பர். விர்த் வகுத்த பாஸ்கலில் சரத்தின் நீளம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. இருபது இடம் என்று கூறிவிட்டால் இருபதே. 1983-இல் வந்த டர்போ பாஸ்கலில் நீளம் மாறக்கூடிய சரம் கிடைத்தது. சரத்தின் தொடக்கத்தில் ஒரு பைட்டை ஒதுக்கி, அதில் அப்போதைய நீளத்தைக் குறித்து வைத்தனர். ஒரு பைட்டில் அடங்கும் பேரெண் 255 ஆதலின் சரமும் அதற்குமேல் நீளாது. ஆங்கிலத்திற்கு அது போதும். தமிழுக்கு இன்று வழங்கும் யூனிகோடு முறையில், யூடிஎஃப்-8 வடிவில், ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைக் கொள்கிறது. தமிழ் என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள் உள்ளமையால் 15 பைட்டுகள் தேவை. 255 பைட்டுகளில் 85 குறிகளே அடங்கும். எனவே நீண்ட பொருள் ஏதேனும் தன் எல்லையைத் தாண்டி அடுத்த வரியில் வழிந்துவிட்டதோ என்று கருதினேன். ஆயின் நான் பயன்படுத்தியது அப்பழைய சரம் அன்று. அன்றியும், எல்லை மீறினால் பொருள் வெட்டுண்டிருக்கும். இங்கோ மார்க்கம், வானவர் என்று முழுச்சொல்லாக நின்றது. அவ்வையம் நீங்கிற்று.

இரண்டாவதாக, அகரவரிசைப்படுத்தும் பகுதியை ஐயுற்றேன். இரு வரிகள் இடம் மாறும்போது சொல் மாறிப் பொருள் மாறாமல் நின்றுவிட்டதோ? அப்பகுதியை நீக்கிவிட்டு, பாடல் வரிசையிலேயே அச்சிட்டுப் பார்த்தேன். பிழை நீங்கவில்லை. ஆனால் அதன் உருவம் புலப்பட்டது. ஞிமிறு என்பதற்கு மேல்வரியில் தீன் என்னும் சொல் இருந்தது. அதன் பொருள் மார்க்கம். பணிலம் என்பதற்கு மேல்வரியில் மலக்கு. அதன் பொருள் வானவர். அடுத்தடுத்து இரு வரிகள் வெறுமையாயின் இரண்டும் ஒரே பொருளைப் பெற்றன. அகரவரிசைப்படுத்தியதும் தீன் தகரத்திற்கும் ஞிமிறு ஞகரத்திற்கும் பிரிந்து சென்றமையால் இவ்வுறவு மறைந்திருந்தது. மேல்வரியைப் படியெடுத்து ஒட்டியதாக நான் மாணவியின்மேல் சுமத்திய குற்றத்தை, எழுத்துக்கு எழுத்து அவ்வாறே செய்திருந்தது என் நிரல்.

மூன்றாம் இரவில் பொருளைப் பிரித்தெடுக்கும் செயற்கூற்றைத் தனியே சோதித்தேன். ஒரு வரியைக் கொடுத்தால் இரண்டாம் நிலைக்கோட்டுக்குப் பின் உள்ளதைத் திருப்பித் தருவதே அதன் பணி. அதற்கெனத் தனிச் சோதனைப் பகுதி ஒன்றை எழுதி, 61 வரிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அறுபத்தொன்றுக்கும் வெறுமையே விடையாக வந்தது. அதே செயற்கூற்றை முதன்மை நிரலின் சுழற்சியில் வைத்தால் அறுபத்தொன்றும் பிழை. தனியே அழைத்துக் கேட்டால் உண்மை பேசுகிறது. கூட்டத்தில் கேட்டால் பொய் பேசுகிறது. இரவு இரண்டு மணிக்கு எனக்கு அச்சமே உண்டாயிற்று.

காலையில் எங்கள் கல்லூரிக் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் நிரலைப் பார்க்கவும் இல்லை. "ஐயா, நிலைக்கோடு இல்லாவிடில் அச்செயற்கூறு என்ன விடை தரவேண்டும் என்று எங்கேனும் எழுதியிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதவில்லை. நிலைக்கோடு இருந்தால் இதனைத் தருக என்று எழுதியிருந்தேன். இல்லையேல் என்ன செய்வது என்று கூறாமலே விட்டிருந்தேன். கூறாவிடில் வெறுமையே வரும் என்பது என் எண்ணம்.

கஞ்சிப் பாத்திரம்

அவ்வெண்ணம் எனக்கு ஏன் வந்தது என்பதைக் கூறவேண்டும். 1998-இல் பயிற்சி நிலையத்தில் பயின்றபோது, தொடக்க மதிப்பு அளிக்காத ஒரு சரத்தைத் திரையில் காட்டுமாறு எழுதிவிட்டேன். பொருளற்ற குறிகள் குவிந்தன. பயிற்றுநர் சிரித்து, "முந்தைய குடித்தனக்காரர் விட்டுச்சென்ற சாமான்" என்றார். நினைவகத்தின் ஓரிடத்தை ஒரு மாறிக்கு ஒதுக்கும்போது, அவ்விடத்தை யாரும் பெருக்கித் தருவதில்லை. முன்பு அங்கிருந்தது எதுவோ அதுவே இருக்கும். 1983-இல் வந்த பாஸ்கல் மொழியின் பன்னாட்டுத் தரநிலையும், மதிப்பளிக்கப் பெறாத மாறியைப் படிப்பது பிழை என்றே கொள்கிறது.

பின்னர், 1996-இல் வெளிவந்த டெல்பி இரண்டாம் பதிப்பில் நெடுஞ்சரம் என்னும் புதிய வகை வந்தது. அது 255 என்னும் வேலியைத் தாண்டியது. அங்கே மாறியில் இருப்பது சரம் அன்று. சரம் எங்கே இருக்கிறது என்னும் முகவரி. ஒரே சரத்தை எத்தனை மாறிகள் சுட்டுகின்றன என்று ஓர் எண்ணிக்கையும் உடன் வைக்கப்படும். எண்ணிக்கை சுழியானதும் அச்சரம் விடுவிக்கப்படும். இக்கணக்கைக் கம்பைலரே, அதாவது நாம் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்குப் பெயர்த்துத் தரும் மென்பொருளே, பார்த்துக்கொள்ளும். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் பழைய குப்பை இருந்தால் அக்கணக்கு எங்கோ சென்று எதையோ அழித்துவிடும். ஆகவே நெடுஞ்சரம் ஒவ்வொன்றையும் தொடக்கத்தில் வெறுமையாக்கிவிடுவது கம்பைலரின் கடமையாயிற்று. இதனைப் படித்த நான், நெடுஞ்சரம் எப்போதும் வெறுமையில் தொடங்கும் என்று பொதுவிதியாகக் கொண்டுவிட்டேன்.

விதிக்குப் புறனடை உண்டு என்பதைத் தமிழாசிரியன் மறந்திருக்கலாகாது. செயற்கூறு திருப்பித் தரும் விடைக்கு அவ்விதி பொருந்தாது. இதனை நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்ளும் ஓர் உவமையால் கூறுகின்றேன்.

ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வாங்கிவரப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குச் செல்வர். பாத்திரம் பிள்ளையுடையது, கஞ்சி ஊற்றுபவர் பள்ளிவாசலில் இருப்பவர். ஊற்றுபவர் பழைய கஞ்சி இருந்தால் அதனைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுவார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் தாய் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள். அன்று கஞ்சி இல்லையென்றால் பிள்ளை வெறும் பாத்திரத்தோடு திரும்பும்; தாய் உண்மையை அறிவாள். மறுநாள் முதல் பாத்திரத்தை யாரும் கழுவவில்லை. ஊற்றும் நாள்களில் இடரொன்றும் இல்லை. ஊற்றுபவர் ஏதும் கூறாமல், ஏதும் ஊற்றாமல், வாங்கிய பாத்திரத்தை அப்படியே திருப்பித் தந்த நாளில், உள்ளே கிடந்த நேற்றைய கஞ்சியை இன்றையது என்று வீட்டார் எண்ணுவர்.

இங்கே பாத்திரம் என்பது முதன்மை நிரலில் இருந்த மாறி. ஊற்றுபவர் என் செயற்கூறு. டெல்பி மரபில் வந்த கம்பைலர், சரத்தை விடையாகத் தரும் செயற்கூற்றை அழைக்கும்போது, அழைப்பவர் தம் மாறியின் முகவரியை மறைமுகமாக உடன் அனுப்புமாறு செய்கிறது. செயற்கூறு தன் விடையை நேரே அதில் எழுதும். எழுதாவிடில் பழையது அங்கேயே நிற்கும். கழுவுவது கம்பைலரின் பணி அன்று. அது முதல் நாள் ஒருமுறை கழுவிக் கொடுத்துவிட்டது. தனிச் சோதனையில் பிழை தோன்றாமைக்கும் இதுவே காரணம். சோதனைப் பகுதியை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மாறி புதிதாகப் பிறந்து வெறுமையாக்கப்பட்டது, நாள்தோறும் புதுப்பாத்திரம். முதன்மை நிரலின் சுழற்சியிலோ 4,216 முறையும் ஒரே பாத்திரம்.

எண்ணைத் திருப்பித் தரும் செயற்கூற்றில் நான் இவ்வாறு எழுதியிருந்தால், விடை வரையறுக்கப்படவில்லை என்று கம்பைலர் எச்சரித்திருக்கும். சரமாதலின் அது வாளாவிருந்தது. அதன் வாளாமையை இசைவு என்று கொண்டது என் பேதைமை. பிழையை மொழியின்மேலோ கம்பைலரின்மேலோ ஏற்ற நான் முற்படவில்லை. நான் கூற மறந்ததைக் கூறியதாகக் கொள்ளும் கடப்பாடு அதற்கு இல்லை.

திருத்தம் ஒரே வரி. செயற்கூற்றின் தொடக்கத்தில், விடைக்குரிய இடத்தில், இடையில் ஏதுமில்லாத இரு மேற்கோட்குறிகளை இட்டேன். வெறுமை என்பதையும் வாய்விட்டுக் கூறினேன். நிரலை ஓட்டினேன். அறுபத்தொரு சொற்களும் பொருளின்றி, மாணவி விட்டவாறே, தூய்மையாக அச்சாயின.

இலக்கணம் கற்றவனின் வழு

இவ்வழு தமிழாசிரியனாகிய எனக்கு நேர்ந்ததில் ஒரு பொருத்தமும் உண்டு என்று பின்னர் எண்ணினேன். நம் இலக்கண மரபில், முன்வந்தது பின்னும் தொடர்வது இயல்பு. நன்னூலார் சூத்திரங்களின் நிலை நான்கனுள் ஆற்றொழுக்கை முதலில் வைப்பார். முன் சூத்திரத்தில் நின்ற சொல் பின் சூத்திரத்திலும் வந்து இயையும். உரையாசிரியர் அதனை அதிகாரத்தால் வந்தது என்பர். பேச்சிலும் எழுவாய் தோன்றாமல் நின்றால், முன் தொடரின் எழுவாயைக் கேட்போர் தாமே கொண்டு கூட்டிப் பொருள் கொள்வர். மனிதன் இவ்வாறு நிரப்பிக்கொள்ளும்போது, இங்கே இது பொருந்துமா என்று அறிவு காவல் நிற்கிறது. வண்டுக்கு மார்க்கம் பொருளாகாது என்று அது தடுக்கும். பொறிக்கு அக்காவல் இல்லை. எஞ்சியதை அப்படியே தந்துவிடும்.

ஆனால் வகுப்பறையில் நான் செய்தது என்ன? முன்பு எப்போதோ ஒரு மாணவன் படியெடுத்து ஒட்டிய கட்டுரையைத் தந்து என்னை ஏமாற்றியிருந்தான். அந்நினைவு என் உள்ளத்தில் கழுவப்படாமல் கிடந்தது. இவளைப் பற்றி ஆராய்ந்தறிந்த செய்தி ஏதும் என்னிடம் இல்லாதபோது, அப்பழைய எச்சமே தீர்ப்பாக வெளிவந்தது. காவல் நிற்கவேண்டிய அறிவு அன்று உறங்கிவிட்டது.

வகுப்பில் கூறியதை வகுப்பிலேயே திருத்தல்

எல்லார் முன்னிலையிலும் சுமத்திய பழியைத் தனியறையில் நீக்குதல் முறையன்று. திங்கட்கிழமை வகுப்பில் மாணவியின் மூலக் கோப்பையும் என் நிரலையும் திரையில் காட்டி, நடந்ததை முதலிலிருந்து விளக்கினேன். தீன் என்னும் வரியும் ஞிமிறு என்னும் வரியும் எவ்வாறு பிணைந்தன என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். "பிழை என்னுடையது. இவள் கூறியது உண்மை. கேட்கும் பொறுமை எனக்கு இல்லாமற் போயிற்று. என்னைப் பொறுத்துக்கொள், அம்மா" என்றேன். அவள் எழுந்து நின்றாள், பேசவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. மணி அடித்தது.

மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். இரண்டு வாரங்கள் அவள் துறை அறைப் பக்கம் வரவில்லை. ஒரு மாலை வந்தாள். கையில் ஒரு தாள் இருந்தது. அறுபத்தொரு சொற்களையும் அதில் எழுதி, நூலகத்துப் பேரகராதியில் தான் கண்ட பொருள்களைச் சிலவற்றின் எதிரே பென்சிலால் குறித்திருந்தாள். "இவை சரியா என்று ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தருவீர்களா, ஐயா?" என்றாள். மூவரும் அமர்ந்து ஆராய்ந்ததில் 47 சொற்களுக்குப் பொருள் தெளிவாயிற்று. எஞ்சிய 14 சொற்களுக்குப் பொருத்தமான பொருளை உறுதி செய்ய இயலவில்லை. அவற்றின் எதிரே பொருள் தெளியவில்லை என்றே அச்சிடலாம் என்று அவள் கூறினாள். ஹஜ்ரத் அவர்கள் அவளை நோக்கி, "கல்வி கற்றதன் அடையாளம் இதுதான், பிள்ளை" என்றார்.

அச்சொல்லடைவு 2024-இல் துறைப் பயன்பாட்டிற்கென அச்சாயிற்று. முகப்பில் தொகுத்தவர் என்று அவள் பெயரே உள்ளது. அவள் முதுகலைத் தமிழ் பயிலச் சேர்ந்தாள்.

மாணவச் செல்வங்களே! பொறிகள் பெருகிவிட்ட காலம் இது. கேட்ட வினாவுக்கெல்லாம் விடை தரும் கருவிகள் உங்கள் சட்டைப் பையிலேயே உள்ளன. விடை வந்தது என்பதனாலேயே அது அவ்வினாவுக்கு உரிய விடை என்று கொள்ளாதீர்கள். முன்பு கிடந்ததன் எச்சமாகவும் இருக்கலாம். அச்சில் உள்ளது என்று வாதிடுமுன் மூலத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விட நாணாதீர்கள். வெறுமையாக விட்டது வெறுமையாகவே இருக்கட்டும் என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு நான் அறிவுரை கூறத் தகுதியுடையேன் அல்லேன். என் மேசைக் கண்ணாடியின் அடியில், திருத்தப்படாத அந்த அச்சுப்படியின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருக்கின்றேன். ஞிமிறு, மார்க்கம் என்று அதில் உள்ளது. மாணவர் எவரேனும் விளக்கம் கூற வாயெடுக்கும்போது அப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டே செவிசாய்க்கின்றேன்.